திரும்பி வந்த தூக்குச்சட்டி

(பிரிக்பீல்ட்ஸில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



என்னை இந்த மேடைக்கு அழைத்தவர்களிடம், "நான் டாக்டர் இல்லை, தமிழ் படித்துப் பட்டம் வாங்கியவனும் இல்லை" என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். "அப்படியானால் நீங்கள் யார்?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. முப்பது வருடமாக அதற்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இதய அறுவையின்போது நோயாளியின் இதயத்தையும் நுரையீரலையும் நிறுத்திவைத்துவிட்டு, அவற்றின் வேலையை ஓர் இயந்திரத்திடம் கொடுக்கிறார்கள். அந்த இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்து அதை ஓட்டுபவன் நான். பதவிப்பெயர் பெர்ஃபியூஷனிஸ்ட். அறுவைக்கூடத்தில் 'பம்ப் ஆள்'. என் மாமனார் நெடுநாள்வரை நான் பெட்ரோல் நிலையத்தில் வேலை பார்ப்பதாகவே ஊரில் சொல்லிக்கொண்டிருந்தார்.

இன்று பேச வந்திருப்பது ஓர் எண்ணைப் பற்றி. கைக்குழந்தைக்கு இதய அறுவை நடக்கும்போது அதன் நெற்றியில் ஒரு சின்ன ஒட்டு ஒட்டுவார்கள். அதிலிருந்து ஒரு கம்பி திரைக்குப் போகும். திரையில் 68, 72, 55 என்று ஏதாவதோர் எண் ஓடிக்கொண்டிருக்கும். எங்கள் பேச்சில் அதற்கு 'நிர்ஸ்' என்று பெயர். நெற்றிக்குப் பின்னால் இருக்கிற மூளைத் திசுவின் இரத்தத்தில் எவ்வளவு ஆக்சிஜன் இருக்கிறது என்பதை அந்த எண் காட்டுகிறது. இப்படிச் சொன்னால் புரிந்த மாதிரி இருக்கும். எனக்கும் புரிந்த மாதிரித்தான் இருந்தது, பல வருடம்.

உண்மையில் புரியவைத்தது என் அம்மாவின் ஞாபகம்.

அப்பாவுக்குச் செந்தூல் ரயில்வே பட்டறையில் வேலை. நாங்கள் இருந்தது இங்கேதான், பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில். காலையில் அம்மா சோறும் குழம்பும் கட்டித் தூக்குச்சட்டியில் கொடுத்துவிடுவார். சாயங்காலம் அப்பா திரும்பி வந்ததும் அம்மா அவர் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் தூக்குச்சட்டியைத்தான் கையில் வாங்குவார். திறக்கமாட்டார். கையில் ஒருமுறை தூக்கிப் பார்ப்பார். கொஞ்சம் கனம் இருந்தால் ஒன்றும் சொல்லமாட்டார். அப்பா எப்போதும் ஒரு பிடி மிச்சம் வைப்பவர். சுத்தமாகக் காலியாக வந்தால், "இன்னிக்கு ஓவர்டைமா? பத்தலையா?" என்று கேட்பார். அப்படியே நிறைந்து திரும்பி வந்தாலோ குரல் மாறிவிடும். "என்னங்க, உடம்புக்கு என்ன?"

காலையில் எவ்வளவு கட்டிக்கொடுத்தோம் என்பது அம்மாவுக்குத் தெரியும். அதை வைத்து அப்பாவின் உடம்பை அறிய முடியாது என்பதும் தெரியும். திரும்பி வருகிற மிச்சத்தில்தான் சேதி இருந்தது.

உடம்பும் அப்படித்தான் நடக்கிறது. நுரையீரலில் ஆக்சிஜனை நிரப்பிக்கொண்டு தமனி வழியே புறப்படும் இரத்தம் கட்டிக்கொடுத்த தூக்குச்சட்டி. நல்ல உடம்பில் அது கிட்டத்தட்ட நூற்றுக்கு நூறு நிறைந்திருக்கும். திசுக்கள் வேண்டியதை எடுத்துக்கொண்டு, மீதியைச் சிரை வழியே திருப்பி அனுப்புகின்றன. மொத்த உடம்பையும் சேர்த்துப் பார்த்தால் சுமார் 70 விழுக்காடு திரும்பி வரும். மூளை அதிகம் உண்பது. அங்கிருந்து இன்னும் கொஞ்சம் குறைவாக வரும். பெரியவர்களின் எடையில் மூளை ஐம்பதில் ஒரு பங்குதான், ஆனாலும் உடம்பின் ஆக்சிஜனில் ஐந்தில் ஒரு பங்கு அதற்குப் போகிறது. மூன்று கிலோக் குழந்தையின் எடையில் மூளையே பத்தில் ஒரு பங்குக்கு மேல். அந்தச் சின்ன உடம்பில் யார் பெரிய சாப்பாட்டுக்காரர் என்று நான் சொல்லத் தேவையில்லை.

விரலில் கிளிப் மாதிரி மாட்டுகிற ஆக்சிமீட்டரைக் கோவிட் காலத்தில் எல்லாரும் பார்த்தோம். எத்தனையோ வீடுகளில் அது இன்னும் தைலப் புட்டிக்குப் பக்கத்தில் கிடக்கிறது. ஜப்பானில் நிஹோன் கோடென் நிறுவனத்தில் வேலை பார்த்த தகுவோ ஆயோகி 1974-ல் அதன் அடிப்படையைக் கண்டுபிடித்தார். அழகான யோசனை அது. விரலுக்குள் ஒளியைச் செலுத்தினால் தோல், எலும்பு, சிரை எல்லாமே ஒளியை உறிஞ்சும். ஆனால் நாடித் துடிப்போடு சேர்ந்து ஏறி இறங்குவது தமனி இரத்தம் ஒன்றுதான். துடிக்கிறதை மட்டும் பிரித்தெடுத்தால் தமனியின் கணக்குக் கிடைத்துவிடும்.

எங்கள் கூடத்தில் அந்த அழகே அதற்கு எதிரியாகிவிடுகிறது. பம்ப் ஓடத் தொடங்கி, இதயத்தை நிறுத்தியதும் நாடி இருக்காது. இரத்தம் ஓடும், துடிக்காது. விரல் ஆக்சிமீட்டர் எதைப் பிடித்துக்கொள்வது? திரையில் கோடு படுத்துவிடும். அப்படியே அது வேலை செய்தாலும், கட்டிக்கொடுத்ததைத்தான் சொல்லும். சாப்பிட்டார்களா என்று சொல்லாது.

சின்ன வயதில் கரண்ட் போன இரவுகளில் டார்ச் லைட்டை உள்ளங்கைக்குப் பின்னால் வைத்து அடித்து விளையாடியிருப்பீர்கள். கை முழுக்கச் சிவப்பாக ஒளிரும். மற்ற நிறங்களை இரத்தம் விழுங்கிவிடுகிறது, சிவப்பு மட்டும் தப்பி வெளியே வருகிறது. சிவப்பையும் தாண்டி, கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பு ஒளி இருக்கிறது. 700 முதல் 900 நானோமீட்டர் வரையிலான அலைநீளம். அது இன்னும் சுலபமாகச் சதையையும் எலும்பையும் கடக்கும். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் இருந்த ஃபிரான்ஸ் யோப்சிஸ், மாட்டெலும்பு ஒன்றின் வழியாகச் சிவப்பு வெளிச்சம் ஊடுருவுவதைக் கண்டு, மண்டையோட்டையும் இப்படிக் கடக்க முடியுமா என்று யோசித்தார். 1977-ல் 'சயின்ஸ்' இதழில் அவர் கட்டுரை வந்தது. மூளையைத் திறக்காமலே அதன் ஆக்சிஜனைப் பார்க்கலாம் என்று காட்டிய முதல் கட்டுரை. ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபின் ஓர் அலைநீளத்தை அதிகம் உறிஞ்சும், ஆக்சிஜனை இழந்தது இன்னொன்றை அதிகம் உறிஞ்சும். இரண்டையும் அனுப்பி, எது எவ்வளவு திரும்பி வருகிறது என்று கணக்குப் போடவேண்டியதுதான்.

ஒட்டில் ஒரு விளக்கும், சற்றுத் தள்ளி இரண்டு கண்களும் இருக்கும். ஒளி உள்ளே போய் வாழைப்பழம்போல வளைந்து வெளியே வருகிறது. பக்கத்துக் கண்ணுக்கு வருவது மேலோட்டமாகத் தோலையும் எலும்பையும் தொட்டு வந்த ஒளி. தூரத்துக் கண்ணுக்கு வருவது ஆழம்வரை போய் வந்தது. பின்னதிலிருந்து முன்னதைக் கழித்தால் மூளையின் பங்கு கிடைக்கும். கைக்குழந்தையின் மண்டையோடு சில மில்லிமீட்டர்தான் என்பதால் பெரியவர்களைவிட அவர்களிடம் இது நன்றாக வேலை செய்கிறது. மருத்துவத்தில் குழந்தைக்குச் சாதகமாக இருக்கிற விஷயங்கள் குறைவு. இது ஒன்று.

நாடி தேவையில்லை என்பதால் இது துடிப்பது, துடிக்காதது என்று பிரிப்பதில்லை. அந்தப் பகுதியில் இருக்கிற எல்லா இரத்தத்தையும் சேர்த்தே பார்க்கிறது. அதில் முக்கால் பங்கு சிரை இரத்தம். ஆக, திரையில் ஓடும் எண் பெரும்பாலும் மிச்சத்தின் எண். திரும்பி வந்த தூக்குச்சட்டியின் கனம்.

இனி என் பம்புக்கு வருகிறேன். மூன்று கிலோக் குழந்தையின் உடம்பில் மொத்த இரத்தமே 250 மில்லிலிட்டர் அளவுதான். ஒரு கிளாஸ் தே தாரிக். என் இயந்திரத்தின் குழாய்களையும் ஆக்சிஜன் ஏற்றும் பெட்டியையும் நிரப்பவே ஏறத்தாழ அதே அளவு திரவம் வேண்டும். அதாவது குழந்தையின் இரத்தத்தில் பாதிக்குப் பாதி வேறொன்று கலக்கிறது. இரத்தம் மெலிந்தால் தூக்குச்சட்டி சிறிதாகிறது என்று பொருள். எவ்வளவு மெலியலாம் என்பதே பாஸ்டனில் தனி ஆய்வாக நடந்தது. இரத்தத்தில் சிவப்பணுப் பங்கை 20 விழுக்காடு அளவுக்குத் தாழவிட்ட குழந்தைகளைவிட 30 விழுக்காடு அளவில் வைத்திருந்தவர்கள் ஒரு வயதில் கை கால் அசைவுகளில் முன்னே இருந்தார்கள் என்று 2003-ல் ஜோனாஸ் குழுவினர் எழுதினார்கள். அதைப் படித்த பிறகு பல இடங்களில் குழாய்களைச் சுருக்கினோம். நானும் என் இயந்திரத்தை மேசைக்கு எவ்வளவு நெருக்கமாகத் தள்ளமுடியுமோ அவ்வளவு தள்ளினேன். குழாய் ஒரு சாண் குறைந்தால் அந்த அளவு திரவம் குறையும்.

இயந்திரம் நிலைபெறுவதற்கு முன்பு அந்த வேலையை ஒரு மனிதர் செய்திருக்கிறார் என்பதைச் சொல்லாமல் போனால் தொழிலுக்கு நன்றி கெட்டவனாவேன். 1953 மே 6-ல் ஜான் கிப்பன் தன் இதய நுரையீரல் இயந்திரத்தால் ஒரு பெண்ணைக் காப்பாற்றினார். ஆனால் அடுத்தடுத்து முயன்றவை தோற்றன. அடுத்த ஆண்டு மின்னசோட்டாவில் வால்டன் லில்லிஹை, இயந்திரமே வேண்டாம் என்று குழந்தையின் இரத்தக் குழாய்களைத் தந்தையின் குழாய்களோடு இணைத்தார். பக்கத்து மேசையில் படுத்திருந்த அப்பாவின் இதயமும் நுரையீரலும் பிள்ளைக்கும் சேர்த்து உழைத்தன. இப்படி 45 பேருக்குச் செய்தார். ஒரே அறுவையில் இரண்டு உயிர் போகக்கூடிய ஏற்பாடு என்று அவரைத் திட்டியவர்கள் உண்டு. எனக்கு முன்னால் இந்த நாற்காலியில் இருந்தவர் ஒரு தகப்பன். இரவுப் பணியில் களைத்துப்போகும்போது அதை நினைத்துக்கொள்வேன்.

நம் ஊரில் கதை கொஞ்சம் பிந்தித் தொடங்குகிறது. 1989 ஜனவரியில் அன்றைய பிரதமர் மகாதீர், கோலாலம்பூர் பெரிய ஆஸ்பத்திரியில் உள்ளூர் மருத்துவர்களிடமே இதய அறுவை செய்துகொண்டார். வெளிநாடு போகாமல் அவர் இங்கே மேசையில் படுத்தது அந்தத் துறைக்கே ஒரு சான்றிதழ் ஆயிற்று. 1992-ல் தேசிய இருதயக் கழகம் தொடங்கியது. இன்று நாட்டின் இதயக் குறையுள்ள குழந்தைகள் பலர் அறுவைக்குப் போய்ச் சேரும் இடம் ஜாலான் துன் ரசாக்கில் இருக்கும் அந்தக் கட்டடம். செர்டாங் அரசு மருத்துவமனையிலும் குழந்தை இதயப் பிரிவு இருக்கிறது.

உயிரோடு பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் எட்டுப் பேருக்கு ஏதோ ஓர் இதயக் குறை இருக்கும் என்பது உலகப் பொதுக்கணக்கு. மலேசியாவில் ஆண்டுக்கு ஏறத்தாழ நான்கு லட்சம் குழந்தைகள் பிறக்கின்றன. நீங்களே பெருக்கிப் பார்த்துக்கொள்ளுங்கள். எல்லாருக்கும் கத்தி தேவையில்லை. சிலருக்குப் பிறந்த இரண்டாம் நாளே தேவை. கருவறையில் இருக்கும்போது இரத்தம் நுரையீரலைச் சுற்றிக்கொண்டு போக ஒரு குறுக்குக் குழாய் உண்டு. பிறந்த பிறகு ஓரிரு நாளில் அது தானாக மூடிக்கொள்ளும். சில குழந்தைகளுக்கு உயிர் ஓடுவதே அந்தக் குழாய் வழியாகத்தான். அது மூடத்தொடங்கும்போது கிள்ளானில் ஒரு குழந்தை நீலமாகிறது. மூடாமல் வைக்கும் மருந்தை ஊசிக் குழாயில் ஏற்றிக்கொண்டு, தாதி ஒருத்தி கூட உட்கார்ந்திருக்க, ஆம்புலன்ஸ் ஃபெடரல் ஹைவேயில் ஷா ஆலத்தையும் பெட்டாலிங் ஜெயாவையும் கடந்து கோலாலம்பூர் வரும். பிள்ளை பெற்ற தாய் பின்னால் கிள்ளான் வார்டிலேயே கிடப்பார். அந்த நாற்பது கிலோமீட்டருக்குள்ளான தூரத்தைப் பற்றி யாராவது ஒரு நாவலே எழுதலாம்.

அந்தக் குறுக்குக் குழாய்க்குள் ஸ்டென்ட் வைத்து, அறுவையைத் தள்ளிப்போடும் முறையில் உலகுக்குப் பாடம் சொன்ன குழுக்களில் ஒன்று நம்முடையது. மசேனி அல்வியும் கீதா கந்தவேலு உள்ளிட்ட அவருடைய சகாக்களும் 2004-ல் வெளியிட்ட கட்டுரையை மற்ற நாட்டார் இன்றும் எடுத்துக்காட்டுகிறார்கள். இதை நம்மவர் அதிகம் சொல்லிக்கொள்வதில்லை, அதனால் நான் சொல்கிறேன்.

ஒரு நாள் நடந்ததைச் சொல்லவேண்டும். எந்த மருத்துவமனை, எந்த வருடம் என்பது வேண்டாம். நான்கு மாதக் குழந்தை. இதயத்தின் கீழறைகளுக்கு நடுவே ஓட்டை. நாங்கள் வாரத்துக்குப் பலமுறை பார்க்கிற கேஸ். நெற்றியில் ஓர் ஒட்டு, முதுகுப்பக்கம் சிறுநீரகத்துக்கு நேரே இன்னோர் ஒட்டு. குழந்தைகளுக்குச் சிறுநீரகம் தோலுக்கு வெகு அருகில் இருப்பதால் அங்கேயும் ஒளி எட்டும். பம்ப் ஓடத்தொடங்கிச் சிறிது நேரம் ஆகியிருந்தது. நெற்றி எண் 72-லிருந்து 65 ஆயிற்று. பிறகு 58. முதுகு எண் 80-ல் அசையாமல் நின்றது. இரத்த அழுத்தம் சரி. என் பம்பின் ஓட்டம் சரி. தமனி இரத்தத்தில் ஆக்சிஜன் நிறைந்திருந்தது. எல்லாத் திரையும் சரி என்று சொல்ல, ஒரு திரை மட்டும் இல்லை என்றது.

நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? அந்தத் திரையைத்தான் சந்தேகப்பட்டோம். ஒட்டு சரியாக ஒட்டவில்லை என்றார் ஒருவர். மேலே எரியும் பெரிய விளக்கின் ஒளி உள்ளே புகுந்திருக்கும் என்றேன் நான், துணியால் மூடினோம். புது ஒட்டு மாற்றினோம். 49. பிறகு 44. அதற்குப் பிறகுதான் மயக்க மருத்துவர் அறுவை செய்பவரிடம், "மேல் சிரைக் கனுலாவைக் கொஞ்சம் பார்க்கிறீர்களா?" என்று கேட்டார். தலையிலிருந்து இரத்தம் வடிந்து என்னிடம் வரவேண்டிய குழாயின் நுனி தப்பான இடத்தில் முட்டிக்கொண்டிருந்தது. அவர் அரை சென்டிமீட்டர் வெளியே இழுத்தார். இரண்டு நிமிடத்தில் எண் 70-ஐத் தாண்டியது.

நடந்தது இதுதான்: தலைக்குப் போகிற இரத்தம் போய்க்கொண்டே இருந்தது, வெளியேற வழி இல்லை. வடிகால் அடைத்தால் வாய்க்காலில் நீர் நிற்கிற மாதிரி. உள்ளே நிற்கிற இரத்தத்திலிருந்து மூளை ஆக்சிஜனை உறிஞ்சிக்கொண்டே இருக்கிறது, புதிது வந்து சேர்வதில்லை. உடம்பின் கீழ்ப்பாதி ஒழுங்காக வடிந்துகொண்டிருந்ததால் என் இயந்திரத்தின் இரத்தத் தொட்டியில் மட்டம் கொஞ்சம்தான் குறைந்தது. அதை நான் கவனிக்கத் தவறினேன். துணிக்கு அடியில் குழந்தையின் முகம் வீங்கத்தொடங்கியிருக்கும். யார் பார்க்க முடியும்? என் குறிப்புத்தாளில் கணக்குப் பார்த்தேன். ஏழு நிமிடம். கருவி தொடக்கத்திலேயே சொல்லிவிட்டது. நம்ப எங்களுக்கு ஏழு நிமிடம் ஆயிற்று.

குழந்தை இரண்டாவது வாரம் வீட்டுக்குப் போனது. நன்றாகப் பால் குடித்தது.

இதிலிருந்து 'எண் குறைந்தால் ஆபத்து, கூடினால் நல்லது' என்று எடுத்துக்கொண்டால் அடுத்த தவறு தயாராகிவிடும். அம்மாவின் கடைசிக் கேள்வியை மறந்துவிடக்கூடாது: தூக்குச்சட்டி நிறைந்து திரும்பினால் என்ன? சிக்கலான அறுவைகளில் குழந்தையின் உடம்பை 18 டிகிரிவரை குளிர்விப்போம். பத்து டிகிரி குறையும்போது மூளையின் பசி பாதிக்கு மேல் குறையும். அப்போது எண் 90-க்கு மேலே நிற்கும். அது சரிதான், தூங்குகிறவன் சாப்பிடவில்லை. ஆனால் சூடேற்றிய பிறகும் எண் அப்படியே உச்சியில் நின்றால் எனக்கு வயிற்றைக் கலக்கும். அடிபட்ட திசுவும் சாப்பிடுவதில்லை.

அந்த 18 டிகிரியில் சில சமயம் பம்பையும் நிறுத்திவிடுவோம். இரத்த ஓட்டமே இல்லாத உடம்பில், இரத்தமில்லாத களத்தில், அறுவை செய்பவர் தையல் போடுவார். என் நாற்காலியில் செய்ய ஒன்றுமில்லாத நேரம் அது ஒன்றுதான், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நேரத்தைச் சத்தமாகச் சொல்லவேண்டும். ஃபிலடெல்ஃபியாவில் கர்த் என்ற மயக்க மருத்துவர் 1992-ல் வெளியிட்ட ஆய்வில், அந்த நேரத்தில் மூளையின் எண் எப்படி இறங்குகிறது என்று வரைந்து காட்டினார். முதலில் வேகமாக இறங்கும், போகப்போகச் சாய்வு குறையும், 40 நிமிடத்துக்குப் பிறகு இறங்குவதில்லை. எடுக்க மிச்சம் இல்லை. அதே காலத்தில் பாஸ்டனில் நியூபர்கர், ஜோனாஸ் குழுவினர், பெருந்தமனியும் நுரையீரல் தமனியும் இடம் மாறிப் பிறந்த 171 குழந்தைகளை எடுத்து, பாதிப் பேருக்கு இரத்த ஓட்டத்தை நிறுத்தியும் பாதிப் பேருக்குக் குறைந்த ஓட்டத்தில் பம்பை ஓட்டியும் அறுவை செய்து, அந்தப் பிள்ளைகளை விடாமல் பின்தொடர்ந்தார்கள். எட்டு வயதில் சோதித்தபோது, நிறுத்திய நேரம் 41 நிமிடத்தைத் தாண்டத் தாண்டப் பாதிப்பு கூடியது தெரிந்தது. ஒருவர் ஒளியை வைத்து மூளையைப் பார்த்தார். மற்றவர்கள் பென்சிலும் தாளும் கொடுத்துப் பள்ளிப் பிள்ளையைப் பார்த்தார்கள். இருவரும் கிட்டத்தட்ட ஒரே நிமிடத்தில் வந்து நின்றார்கள். என் தொழிலில் இதைவிட என் கையை நடுங்கவைத்த எண் இல்லை.

இப்போது ஒரு பாட்டியைப் பற்றி. கிள்ளானிலிருந்து வந்தவர். பேரனை அறுவைக்கு எடுத்துப்போகும் முன் தாதி நெற்றியைத் துடைத்தார். நெற்றி நடுவில் பெரிய மைப்பொட்டு. "ஏம்மா, திருஷ்டிப் பொட்டை அழிக்கிறியே, இன்னிக்குத்தானே அது வேணும்!" என்றார் பாட்டி. தாதி சீன இளம்பெண். மலாயில் விளக்கிப் பார்த்தார். நான் போய், "பாட்டி, அந்த இடத்தில் ஒரு விளக்கு ஒட்டணும். கரி இருந்தா வெளிச்சத்தை அதுவே குடிச்சிடும்" என்றேன். "சரி தம்பி, உள்ளங்கால்ல வைக்கிறேன்" என்றார். உள்ளங்காலில் ஆக்சிமீட்டர் வரும். இடுப்பில்? அங்கே இரண்டாவது ஒட்டு. கடைசியில் காதுக்குப் பின்னால் ஒரு புள்ளி வைத்து அனுப்பினோம். அறுவை முடியும்வரை அது இருந்தது; நான் பார்த்தேன்.

சிரித்துவிட்டு விடுகிற விஷயம் இல்லை இது. கரியைத் துடைக்கலாம், தோலின் நிறத்தைத் துடைக்க முடியாது. 2020-ல் மிச்சிகன் மருத்துவர்கள், விரல் ஆக்சிமீட்டர் நல்ல எண் காட்டும்போதே இரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்திருந்த அளவீடுகள் கறுப்பினத்தவரிடம் 11.7 விழுக்காடு, வெள்ளையரிடம் 3.6 விழுக்காடு என்று எழுதியபோது உலகமே விழித்துக்கொண்டது. நெற்றி ஒட்டும் இந்தக் குறையிலிருந்து தப்பவில்லை. சில நிறுவனங்களின் கருவிகள் கறுத்த தோலில் வேறு மாதிரிப் படிக்கின்றன என்று 2013-லேயே பிக்லர் குழுவினர் காட்டியிருந்தார்கள். போதாததற்கு, நம் ஊர்க் குழந்தைகள் பலருக்கு, தமிழர், மலாய்க்காரர், சீனர் என்ற வேறுபாடில்லாமல், பிறக்கும்போதே இடுப்பிலும் முதுகிலும் நீலத்திட்டு இருக்கும். சிறுநீரக ஒட்டு போகவேண்டிய இடம் அதுவே. வடிவமைத்தவர்கள் வேறு குழந்தைகளை மனத்தில் வைத்து வடிவமைத்திருக்கிறார்கள். நாங்கள் திட்டைத் தவிர்த்து ஒட்டப் பழகிக்கொண்டோம்.

என் அனுபவத்தில் இதற்கு ஒரு வழி உண்டு. குழந்தை உள்ளே வந்து, மயக்கம் கொடுத்து, இன்னும் கத்தி படாத நேரத்தில் காட்டுகிற எண்ணை எழுதிவைத்துக்கொள்வது. தோலின் நிறம் அறுவையின் நடுவில் மாறப்போவதில்லை. அதன் சொந்த எண்ணிலிருந்து ஐந்தில் ஒரு பங்கு சரிந்தால் எழுந்து தேடு. தலை திரும்பியிருக்கிறதா, கனுலா நகர்ந்ததா, கரியமில வாயு குறைந்து மூளைக் குழாய்கள் சுருங்கினவா, இரத்தம் மெலிந்ததா, மயக்கம் தெளிகிறதா. '50-க்குக் கீழே போனால் மட்டும் கூப்பிடு' என்று எங்கோ எழுதிய விதியைவிட இது மேல். நீலக் குழந்தைகள் சிலருக்குத் தொடக்க எண்ணே 50தான்.

இவ்வளவு சொல்லிவிட்டு ஒன்றை மறைக்கக்கூடாது. இந்தக் கருவியால் உயிர் பிழைக்கிறதா, மூளை தப்புகிறதா என்று யாராவது கேட்டால், ஆம் என்று அடித்துச் சொல்லும் ஆதாரம் கையில் இல்லை. லூயிவில்லில் ஆஸ்டின் குழுவினர் 1997-ல் 250 குழந்தைகளைப் பற்றி எழுதினார்கள்: கருவிகள் எச்சரித்தும் சரிசெய்யப்படாதவர்களில் 26 விழுக்காட்டினருக்கு நரம்புக் கோளாறு, சரிசெய்யப்பட்டவர்களில் 6 விழுக்காட்டினருக்கு. கேட்கக் கவர்ச்சியாக இருக்கிறது. ஆனால் அது சீட்டுப் போட்டுப் பிரித்த ஆய்வு இல்லை. அப்படிப் பிரித்துச் செய்த பெரிய ஆய்வு குறைமாதக் குழந்தைகளிடம் நடந்தது. 17 நாடுகள், 1,601 குழந்தைகள், 2023-ல் முடிவு: மூளை எண்ணைப் பார்த்துச் சிகிச்சை செய்த பக்கம் இறப்போ கடும் மூளைப் பாதிப்போ 35.2 விழுக்காடு; பார்க்காத பக்கம் 34.0. வித்தியாசமில்லை. அது இதய அறுவை இல்லை, பம்ப் இல்லை, கனுலா இல்லை. ஆனாலும் அந்த முடிவைப் படித்த இரவு நான் சரியாகத் தூங்கவில்லை. ஒருமுறை ஒட்டித் தூக்கி எறிகிற அந்த ஒட்டின் விலையை யோசித்தேன். அதே பணத்தில் எத்தனை தாதிகளுக்குப் பயிற்சி கொடுக்கலாம் என்றும் யோசித்தேன். பிறகு அந்த ஏழு நிமிடம் ஞாபகம் வந்தது. இரண்டுக்கும் நடுவில்தான் இன்னும் நிற்கிறேன். என்னைக் கேட்டால், பம்பில் போடுகிற கைக்குழந்தைக்கு ஒட்டாமல் இருக்கமாட்டேன்.

பாஸ்டன் பிள்ளைகளிடம் ஒருமுறை திரும்பிப் போகிறேன். 16 வயதில் அவர்களைப் பார்த்தபோது, நிறுத்தியவர்கள், நிறுத்தாதவர்கள் என்ற பேதம் பெரும்பாலும் மறைந்துவிட்டிருந்தது. ஆனால் இரண்டு பக்கமும் சேர்த்து ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினருக்குப் பள்ளியில் ஏதோ ஒரு தனி உதவி தேவைப்பட்டிருந்தது. அறிவுக் குறைவு இல்லை. கவனம் நிற்பது, ஒன்றைத் திட்டமிட்டுச் செய்வது, பார்த்ததை வரைவது, இவற்றில் தடுமாற்றம். அறுவையில் நாங்கள் செய்ததும் அதில் ஒரு பங்கு; கருவிலேயே குறைவான ஆக்சிஜனில் மூளை வளர்ந்தது இன்னொரு பங்கு. 2012-லிருந்து அமெரிக்க இதயச் சங்கம், இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பள்ளி வயதுக்கு முன்பே வளர்ச்சிப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்கிறது.

இந்த அவையில் கிள்ளான் பக்கத்துத் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் சிலரைப் பார்க்கிறேன். முதலாம் ஆண்டு வகுப்பில், சட்டைப் பொத்தானுக்குப் பின்னால் நெஞ்சு நடுவில் தழும்புள்ள பிள்ளை ஒன்று இருக்கலாம். ஓட்டப்பந்தயத்தில் விடலாமா என்று பெற்றோரிடம் கேட்பீர்கள். கரும்பலகையிலிருந்து எழுதிக்கொள்ள ஏன் தாமதமாகிறது என்றும் கேளுங்கள். சோம்பேறி என்று முதுகில் எழுதிவிடாதீர்கள்.

பெற்றோருக்கு: அறுவை முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது ஒரு சுருக்கத்தாள் கொடுப்பார்கள். பம்பில் எத்தனை நிமிடம் இருந்தது, எத்தனை டிகிரிக்குக் குளிர்வித்தார்கள், இரத்த ஓட்டத்தை நிறுத்தினார்களா, நிறுத்தினால் எத்தனை நிமிடம் என்று அதில் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் கேட்டு எழுதி வாங்குங்கள். என்னைப் போன்றவர்கள் நிமிடக் கணக்கில் குறித்துவைத்திருக்கும் விவரம் அது, கேட்டால் தருவார்கள். தடுப்பூசிப் புத்தகத்தோடு ஒரே பிளாஸ்டிக் உறையில் போட்டு வையுங்கள். பிள்ளையை ஆறு வயதில் பரிசோதிக்கும் டாக்டருக்கு அது வேண்டியிருக்கும்.